வேர்ச் சிகிச்சை செய்த பல்லுக்குப் பூண் வேண்டும்

நெடுங்கேணி

அன்பு மகளுக்கு,

நீ வைபரில் அனுப்பிய எக்ஸ்ரேயைப் பெரிதாக்கி வடிவாகப் பார்த்தேன். கீழ் வலப்பக்க முதலாவது கடைவாய்ப்பல். வேர்ச் சிகிச்சையை நன்றாகச் செய்திருக்கிறார்கள். கால்வாய்களில் வைத்த நிரப்பு வேர் நுனிக்குச் சற்று முன்வரை இடைவெளி இல்லாமல் போய் நிற்கிறது. பல்லுக்கொதி போய்விட்டது, இனிப் பல்லை மூடும் கிறவுண் எதற்கு, கட்டாயம் என்றால் ஊருக்கு வரும்போது போடலாமே என்று கேட்டிருந்தாய். வரும்வரை வைத்திருக்காதே, அங்கேயே இப்போதே செய் என்பதுதான் என் பதில். ஏன் என்பதைத் தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

கொதி நின்றது நரம்பை எடுத்ததால். பல்லின் பலவீனம் அப்படியே இருக்கிறது. நரம்பு எடுத்த பல் காய்ந்துபோய் நொறுங்கும் என்று பலர் சொல்வார்கள். அது பெரிய காரணம் இல்லை. சூத்தையும் பழைய அடைப்பும் தின்றுவிட்ட சுவர்கள்தான் காரணம். 1989இல் பிடுங்கிய பற்களில் அளந்து பார்த்தார்கள். வேர்ச் சிகிச்சைக்காக மேலே துளை போட்டதால் மட்டும் பல்லின் விறைப்பு 5 வீதமளவில்தான் குறைந்தது. ஆனால் நடுவும் முன் பின் இரண்டு பக்கங்களும் போன பெரிய குழியில் அது 63 வீதம் குறைந்தது. உன் பல்லில் பழைய வெள்ளி அடைப்பு இருந்த இடம் இந்த இரண்டாவது வகை. கன்னப் பக்கத்துச் சுவரும் நாக்குப் பக்கத்துச் சுவரும் ஒன்றையொன்று பிடிக்க ஆள் இல்லாமல் தனித்தனியாக நிற்கின்றன. கடிக்கும்போதெல்லாம் இரண்டும் வெளியே விரிகின்றன. ஒருநாள் ஒன்று பிளக்கும். பிளவு முரசுக்கு (ஈறுக்கு) மேலே நின்றால் பல்லைக் காப்பாற்றலாம். வேருக்குள் இறங்கினால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. 2002இல் வந்த ஓர் ஆய்வில், வேர்ச் சிகிச்சைக்குப் பிறகு கிறவுண் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டிருந்தன.

இன்னொன்று, இப்போது மேலே இருப்பது தற்காலிக அடைப்பு. அது மூன்றரை மில்லிமீற்றராவது தடிப்பாக இருந்தால்தான் எச்சிலைத் தடுக்கும். அதுவும் சில கிழமைக்குத்தான். தேய்ந்து ஓரம் விட்டால் எச்சிலோடு கிருமி திரும்ப உள்ளே இறங்கும், நல்ல வேர்ச் சிகிச்சையும் வீணாகும். ஆகவே முதல் வேலையாக அந்த அடைப்பை எடுத்துவிட்டு, பல்லோடு ஒட்டும் நிரந்தர அடைப்பால் உள்ளே கட்டச் சொல். அதன்மேல்தான் கிறவுண்.

இனிக் கவனமாகப் படி, இதுதான் நீ வைத்தியரிடம் கேட்கவேண்டியது. கிறவுண் நிலைப்பது அது எந்தப் பொருளில் செய்தது என்பதால் அல்ல. அதன் விளிம்பு எதைச் சுற்றிப் பிடிக்கிறது என்பதால். கட்டிய அடைப்புக்குக் கீழே, முரசுக்கு மேலே, சொந்தப் பல் சுற்றிவர ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் உயரத்துக்கு மிஞ்சியிருக்க வேண்டும். கிறவுண் அந்தப் பல்லைத் தழுவிப் பிடிக்க வேண்டும். உலக்கை நுனியில் இரும்புப் பூண் மரத்தைப் பிளக்காமல் பிடிப்பது போலத்தான் இதுவும். பூண் வெறும் அடைப்பைப் பிடித்தால் பயன் இல்லை, மரத்தைப் பிடிக்கவேண்டும்.

பல்வேலையின் வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பூணைக் கண்டுபிடிக்க எவ்வளவு வேர்கள் பிளந்தன என்று விளங்கும். இத்தாலியில் எத்ருஸ்கர்கள் கிறிஸ்துவுக்கு முன் ஏழாம் நூற்றாண்டளவிலேயே தங்கத் தகட்டு வளையங்களால் பற்களைச் சேர்த்துக் கட்டினார்கள். அது இழந்த பல்லின் இடத்தை நிரப்பவும் அலங்காரத்துக்கும். உடைந்த பல்லின் வேரை வைத்துக்கொண்டு மேலே புதுப் பல் ஏற்றும் வேலையை ஒழுங்காக எழுதி வைத்தவர் பிரான்சின் பியர் ஃபோஷார், 1728இல். வேர்க் கால்வாய்க்குள் தங்கத்தாலோ வெள்ளியாலோ ஆன முளையைச் செருகி, சூடாக்கி இளக்கிய பிசினால் ஒட்டி, அதன்மேல் பல்லைப் பொருத்தினார். 1746இல் குளோட் மூட்டோன் வேருக்குள் இறங்கும் முளையோடு முழுத் தங்க மூடியை விவரித்தார். முன்பல் என்றால் தங்கத்தின்மேல் வெள்ளை எனாமல் பூசலாம் என்றும் சொன்னார். பிறகு மர முளைகளும் வந்தன. மரம் எச்சிலில் ஊறிப் பருத்து இறுகப் பிடிக்கும் என்பது கணக்கு. பிடித்தது, ஆனால் பருத்த மரம் வேரைப் பிளந்தது. 1880ஐ ஒட்டி அமெரிக்காவில் றிச்மண்ட் என்பவரின் கிறவுண் பரவியது. அதில் முளையோடு வேரின் வாயைச் சுற்றி ஒரு தங்க வளையமும் இருந்தது. இன்றைக்கு நாங்கள் தேடுகிற பூண் அந்த வளையத்தின் வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே உன் வைத்தியர் "முளை வைக்கிறேன்" என்றால், ஏன் என்று கேள். முளை பல்லைப் பலப்படுத்தாது. மேலே கட்டும் அடைப்புக்குப் பிடிமானம் கொடுக்க மட்டும்தான் அது. கடைவாய்ப்பல்லில் நரம்பறையே பெரிது, அடைப்பு அதற்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். அநேகமாக முளை தேவைப்படாது. வைத்தே ஆகவேண்டும் என்றால் வேர் நுனியில், கால்வாயை நிரப்பிய கட்டாபேர்ச்சா 4 முதல் 5 மில்லிமீற்றர் அசையாமல் இருக்கவேண்டும். முளைக்காகக் கால்வாயை அகலமாக்கக் கூடாது. அகலமாக்கினால் வேரின் சுவர் மெலியும், மர முளைக் காலத்துப் பிளவு திரும்ப வரும்.

பல் முரசுக்குக் கீழேவரை போய், பூணுக்கு உயரம் போதவில்லை என்றால் என்ன செய்வது? விளிம்பை ஆழமாக இறக்கினால் போயிற்று என்று சிலர் நினைப்பார்கள். முரசு பல்லோடு ஒட்டியிருக்கும் பகுதிக்கு எலும்புக்கு மேலே ஏறக்குறைய இரண்டு மில்லிமீற்றர் வேண்டும். அதற்குள் கிறவுண் விளிம்பு புகுந்தால் முரசு எப்போதும் சிவந்து, இரத்தம் கசிந்து, கடைசியில் எலும்பு கரையும். அப்படியான இடத்தில் முரசையும் கொஞ்சம் எலும்பையும் வெட்டி இறக்குவார்கள், அல்லது கம்பி போட்டுப் பல்லை மெதுவாக மேலே இழுப்பார்கள். கீழ்க் கடைவாய்ப்பல்லில் எலும்பை அளவுக்கு மிஞ்சி இறக்கினால் இரண்டு வேரும் பிரிகிற கவை வெளியே தெரிய வந்து, துப்பரவாக்க முடியாத பொந்தாகிவிடும். உன் எக்ஸ்ரேயில் பின்பக்கம் கொஞ்சம் ஆழம்போலத் தெரிகிறது. கடித்தபடி எடுக்கிற எக்ஸ்ரே ஒன்று எடுத்து, பின்பக்க விளிம்புக்கும் எலும்புக்கும் எத்தனை மில்லிமீற்றர் என்று கேட்டு எழுதி வை.

பொருளைப் பற்றிக் கேட்டிருந்தாய். தங்கத்தை ஒழுங்காக வார்க்கும் வழி 1907இல் டாகர்ட் என்பவரால் பல்வேலைக்கு வந்தது. மெழுகில் வடித்து, மண்பூச்சுக்குள் வைத்து, மெழுகை எரித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. கோயில் ஐம்பொன் விக்கிரகம் வார்க்கிற அதே முறை. தங்கக் கலவை ஆறும்போது ஏறக்குறைய ஒன்றரை வீதம் சுருங்கும். அச்சு மண் அதே அளவு விரியும்படி செய்தால்தான் மூடி பல்லில் இறங்கும். வெள்ளை மூடிக்கு வழி காட்டியவர் டிற்றோயிற்றின் சார்ள்ஸ் லாண்ட். மெல்லிய பிளாட்டினத் தகட்டின்மேல் பீங்கானைச் சுட்டு எடுத்தார், 1889இல் காப்புரிமை பெற்றார். வடிவாக இருந்தது, ஆனால் கடைவாயில் தாங்கவில்லை. 1962இல் உலோகத்தின்மேல் பீங்கானை ஒட்டவைக்கும் காப்புரிமை வந்தபிறகுதான் பலமும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்ந்தன. அதில் உலோகம் பீங்கானைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கவேண்டும். அப்போது பீங்கான் இறுக்கத்தில் இருக்கும், வெடிக்காது. கணக்குப் பிழைத்தால் சூளையிலேயே கீறல் விழும், அல்லது ஒரு வருடம் கழித்து வாய்க்குள் சிம்பு பெயரும்.

உனக்கு நான் சொல்வது முழுச் சிர்கோனியா, பலமான ஒரு வெள்ளைச் செராமிக். மேலே பீங்கான் பூசாதது. பல்லின் மேற்பரப்பில் 1 முதல் ஒன்றரை மில்லிமீற்றர் அரைத்தால் போதும். உலோகமும் பீங்கானும் என்றால் 2 மில்லிமீற்றர் போகும். ஏற்கெனவே குறைந்த பல்லில் அந்த வித்தியாசம் பெரிது. சிர்கோனியாவை மாக்கட்டிபோல மெதுவாக இருக்கும்போதே 20 முதல் 25 வீதம் பெரிதாகக் கடைந்து, பிறகு 1500 பாகை செல்சியஸ் அளவில் சுடுவார்கள். சுருங்கித்தான் சரியான அளவுக்கு வரும். கண்ணாடிபோல ஒளி கூடிய வகை முன்பல்லுக்கு வடிவு, ஆனால் பலம் குறைந்தது. கடைவாய்க்குப் பலம் கூடிய வகையைக் கேள். தங்கம் போடக் கிடைத்தால் அதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். விளிம்பு அவ்வளவு நேர்த்தியாக உட்காரும், எதிர்ப்பல்லைத் தேய்க்காது. விலையும் நிறமும் உன் விருப்பம்.

உன் வைத்தியருக்குத் தெரியாத ஒன்றை நீதான் சொல்லவேண்டும். வவுனியாப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைட்டு பல இடங்களில் கூட. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பல் உருவாகும் வயதில் அதற்கு மேல் குடித்தால் எனாமலில் வெள்ளைப் புள்ளியும் கபிலக் கறையும் விழும். உன் பற்களில் இருப்பது அதுதான், அழுக்கும் இல்லை, சூத்தையும் இல்லை. அப்படியான எனாமலில் ஒட்டுவதற்கு முன் பூசும் அமிலம் இலகுவில் பிடிக்காது, கூடுதல் நேரம் வேண்டும். "முழுக் கிறவுண் வேண்டாம், மேலே ஒட்டும் பாதி மூடி போதும்" என்று அவர் சொன்னால் இதைக் கட்டாயம் சொல். ஒட்டில் மட்டும் நிற்கிற மூடி உன் எனாமலில் எவ்வளவு பிடிக்கும் என்று அவர் யோசிக்க வேண்டும். நிறத்தையும் பல்லை அரைக்க முன்பே, பகல் வெளிச்சத்தில் பார்க்கச் சொல். வாய் திறந்து கிடந்தால் பல் காய்ந்து வெளிறிவிடும், பிறகு எடுக்கும் நிறம் பொய்.

அச்சு எடுக்கும் நாளில் அவசரப்படாதே. விளிம்பைத் தெளிவாக எடுக்க முரசுக்குள் மெல்லிய நூல் வைப்பார்கள், கொஞ்சம் நோகும். இரத்தம் கசிந்தால் நின்றபிறகு எடுக்கச் சொல். பல் லாப் மேசைக்கு வருகிற அச்சுகளில் அநேகமாகப் பிழைப்பது அந்த ஓரம்தான். விளிம்பு ஓடிவரும் கோட்டில் கடுகளவு குமிழ் ஒன்று இருந்தால், அந்த இடத்தில் பல் எங்கே முடிகிறது என்று செய்கிறவர் ஊகிக்கவேண்டி வரும். ஊகித்த இடத்தில் மூடி குட்டையாகவோ தடித்தோ போகும். கமெராவால் எடுக்கும் அச்சிலும் இதே கதைதான், இரத்தத்துக்கு அடியில் இருப்பதைக் கமெராவும் பார்க்காது. இடையில் போடும் தற்காலிக மூடி கழன்றால் அன்றைக்கே போய் ஒட்டு. விட்டால் பக்கத்துப் பல்லும் எதிர்ப்பல்லும் நகர்ந்து, புது மூடி இறங்காது.

போடும் நாளில், சீமெந்து வைக்க முன்பு ஓர் எக்ஸ்ரே எடுத்து விளிம்பு முழுதும் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒட்டியபிறகு கண்டுபிடித்தால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். இரண்டு பக்கமும் பல்நூல் "டக்" என்று இறங்கவேண்டும், கிழியக் கூடாது. சும்மா வழுக்கிப் போனால் இறைச்சி நார் அங்கே அடையும், முரசு வீங்கும். பிறகு நிறத் தாளைக் கடிக்கச் சொல்லி உயரம் பார்ப்பார்கள். விறைப்பு ஊசி போட்ட வாயால் சரியாகக் கடிக்க வராது. அடுத்த நாள் அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினால் பழகிவிடும் என்று விடாதே, திரும்பப் போ. நரம்பு இல்லாவிட்டாலும் வேரைச் சுற்றிய நார் அழுத்தத்தை உணரும், நாள் போனால் நோகும். உயரத்தைக் குறைக்க அரைத்தால், அந்த இடத்தை மினுங்கும்வரை தேய்த்து விடவேண்டும். சொரசொரப்பான சிர்கோனியா எதிர்ப்பல்லை அரம்போல அராவும்.

அதற்குப்பிறகு கிறவுணுக்குச் சூத்தை வராது, ஆனால் அதன் விளிம்பில் இருக்கும் உன் பல்லுக்கு வரும். புளோரைட்டு 1450 ppm அளவுள்ள பற்பசையும், இரவில் ஒருதரம் பல்நூலும் போதும். கிறவுண் ஏறும்வரை அந்தப் பக்கத்தால் சாப்பிடாதே. அம்மா போன பொதியில் அனுப்பிய புழுக்கொடியலை யாருக்காவது கொடுத்துவிடு. நல்ல பல்லையே பிளக்கக்கூடியது அது.

காசுதான் தடை என்றால், இந்த மாதமும் அடுத்த மாதமும் எங்களுக்கு அனுப்புகிறதை நிப்பாட்டு. நெல்லுக் காசு வந்திருக்கிறது, நாங்கள் சமாளிப்போம். அதற்கும் பிந்தும் என்றால், பல்லின் கூர்களை ஒன்றரை இரண்டு மில்லிமீற்றர் இறக்கி, மேலே முழுக்க மூடுகிற மாதிரி அடைப்பு ஒன்று போடச் சொல். சுவர்கள் விரியாமல் அது கொஞ்சக் காலத்துக்குப் பிடித்துவைக்கும். வெறுந் தற்காலிக அடைப்போடு மட்டும் மாதக்கணக்கில் திரியாதே.

கடித்தபடி எடுத்த எக்ஸ்ரே கிடைத்தவுடன் வைபரில் போடு. பின்பக்க அளவைப் பார்த்துவிட்டு, முரசு வெட்டவேண்டி வருமா என்று என் எண்ணத்தைச் சொல்கிறேன். வைத்தியர் முளை பற்றிச் சொன்னதையும் சேர்த்து எழுது.

அன்புடன்
அப்பா