சூடோமோனாஸ் பவுடர் கரைசலில் முக்கியெடுத்த எலுமிச்சை அழுகியது குறித்துப் புகார்

அனுப்புநர்: எலுமிச்சை வியாபாரி, செங்கோட்டை.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் பிரிவு.

ஐயா,

பறித்த பழத்தில் பூசணம் வராமல் நல்ல பாக்டீரியா காவல் காக்கும் என்று உங்கள் ஆள் சொன்னதை நம்பி, டால்க் பவுடரில் சூடோமோனாஸ் என்ற அந்த பாக்டீரியாவைக் கலந்து நீங்கள் விற்கும் பவுடரை ஏப்ரலில் 4 கிலோ வாங்கினேன். புளியங்குடியில் எடுத்த 14 மூட்டை எலுமிச்சையை அதைக் கரைத்த தண்ணீரில் முக்கி, நிழலில் உலர்த்தி, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு ஏற்றினேன். நாலாம் நாள் அங்கிருந்து போன்: "ஒக்கெ சீத்தயாயல்லோ!" எல்லாம் கெட்டுப்போய்விட்டதாம்.

நேரில் போய் மூட்டையை அவிழ்த்தேன். முள் கீறிய இடமெல்லாம் நீர் கோத்துக் குழைந்து, ஓரத்தில் வெள்ளை, நடுவில் பச்சைப் பொடி. சாக்கைத் தட்டினால் புகையாய்ப் பறக்கிறது. 5 மூட்டை குப்பைக்குப் போயிற்று. அதே பழத்தில் ஒரு கூடையை மருந்து போடாமல் வீட்டில் வைத்திருந்தேன். அதுவும் இதே அளவுக்குத்தான் அழுகியது. அப்படியானால் நான் முக்கியது வெறும் டால்க் பவுடரிலா?

முறையை நான் குறை சொல்லவில்லை. சூடோமோனாஸ் வகையில் ஒன்றுக்கு, ஆரஞ்சு, எலுமிச்சைப் பழங்களில் இதே வேலைக்கு, அமெரிக்காவில் 1995லேயே அனுமதி கொடுத்துவிட்டார்கள். காயத்தில் கசியும் சாற்றைப் பூசணத்துக்கு முந்தித் தின்று இடம் பிடித்துக்கொள்ளும். உள்ளே இறங்கிவிட்ட பூசணத்தை விரட்டாது. அதனால்தான் பறித்து ஒரு நாள் தாண்டுவதற்குள் முக்கினேன். ஆனால் இடம் பிடிக்க அது உயிரோடு இருக்க வேண்டுமே!

உங்கள் டீலர் கடையில் பாக்கெட்டுகளைத் தகரக் கூரைக்கு அடியில், மேல் தட்டில் அடுக்கியிருந்தார்கள். சித்திரை வெயில் வேறு. தயாரிப்புத் தேதி மேல் விலை ஸ்டிக்கர். பிறகு சுரண்டிப் பார்த்தால் ஒன்பது மாதப் பழசு. போதாக்குறைக்கு, பழம் கழுவும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரிலேயே கலக்கலாமா என்று கேட்டதற்கு, "கலந்துருங்க அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது" என்றார் உங்கள் ஆள். கிருமி சாகத்தானே பிளீச்சிங் போடுகிறோம்? எனக்கும் அப்போது உறைக்கவில்லை, சரி. ஆனால் பாக்டீரியா விற்பது நானா, அவரா?

பவுடர் விலையும் 5 மூட்டைக்கான அடக்க விலையும் எனக்கு வர வேண்டும். அதே பேட்சில் எத்தனை பாக்டீரியா உயிரோடு இருக்கிறது என்று ஆய்வகத்தில் எண்ணி, அறிக்கையை அனுப்புங்கள். பிளீச்சிங்கோடு கலக்கக் கூடாது என்பதைப் பாக்கெட்டில் தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக அச்சடியுங்கள்.

மிச்சம் அரைக் கிலோவை, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு, ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். 15 நாளுக்குள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பில்லோடு சேர்த்து நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோவேன்.

இப்படிக்கு,
செங்கோட்டை வியாபாரி