எங்கள் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு: மொட்டை மாடியில் ஒரு மூலை வேண்டும்

வணக்கம்.

தூர்தர்ஷன் மாதக் காசில்லாமல் தருகிற டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களைப் பார்க்க பி பிளாக் மொட்டை மாடியில் வைத்திருந்த எங்கள் டிஷ்ஷைப் போன சனிக்கிழமை கழற்றி வாட்ச்மேன் அறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். யார் சொல்லிக் கழற்றினார்கள், அதற்கு முன் குழுவில் என்னென்ன பேச்சு நடந்தது என்பதெல்லாம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் மட்டும் போடுகிறவர்களுக்கும் தெரியும். அதை மறுபடி கிளறவில்லை. கேட்பது ஒன்றுதான்: டிஷ்ஷை இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க அனுமதி கொடுங்கள்.

கட்டடத்தின் அழகு கெடுகிறது என்று நோட்டீஸில் எழுதியிருந்தீர்கள். அதே மாடியில் வாடகைக்கு விட்ட மொபைல் டவர் நிற்கிறது. அதற்கு ஜெனரேட்டர், பேட்டரி, ஏசி வைத்த ஒரு அறையும் இருக்கிறது. அதோடு கேபிள்காரரின் ஒயர்கள் நான்கு பிளாக்குக்கும் குறுக்கும் நெடுக்குமாகப் போகின்றன, வடாம் காயப்போடப் போகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் நடுவே இரண்டடி அகலத்தில் கைப்பிடிச் சுவருக்குக் கீழேயே அடங்கிவிடுகிற ஒரு டிஷ், அதுவும் தெருவில் நின்று பார்த்தால் தெரியாதது, எந்த அழகைக் கெடுத்தது என்று சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன். தளம் ஒழுகும் என்பது அடுத்த காரணம். தளத்தில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை, சிமென்ட் கட்டையின் மேல்தான் நிறுத்தியிருந்தோம், கழற்றியவர்களே அதைப் பார்த்திருப்பார்கள்.

உங்கள் பால்கனியில் வைத்துக்கொள்ளுங்களேன் என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்விதான். டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து, அது நிற்பது 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில். சென்னையிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், வானத்தில் கிட்டத்தட்ட 68 பாகை உயரத்தில் இருக்கிறது. எங்கள் பால்கனி இருப்பது வடமேற்குப் பக்கம், தலைக்கு மேலே நாலாம் மாடிக்காரரின் பால்கனி. செயற்கைக்கோளை நகர்த்தச் சொல்லி இஸ்ரோவுக்கு வேண்டுமானால் தனியாக ஒரு மடல் எழுதலாம். அதைவிட மாடியில் ஒரு மூலை கேட்பது சுலபம் என்று நினைத்துதான் உங்களிடம் வந்தேன்.

இது யாருக்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மூட்டுவலி, மூன்று மாடி இறங்க முடியாது (லிஃப்ட் பற்றித் தனியாகப் பேச வேண்டும், அது அப்புறம்). நானும் மனைவியும் வேலைக்குப் போன பிறகு சாயங்காலம் வரை அவருக்குத் துணை டிவிதான். காலையில் டிடி தமிழ் செய்தி. 2024 ஜனவரியில் பெயர் மாறினாலும் அவருக்கு அது இன்னும் பொதிகைதான். அப்புறம் கிரிக்கெட். ரேடியோவில் அப்துல் ஜப்பார் வர்ணனை கேட்டு ஆட்டம் பழகியவர் என்பதால் டிடி ஸ்போர்ட்ஸில் வரும் ஹிந்தி வர்ணனையைச் சுத்தமாக அமுக்கிவிட்டுத் தானே வர்ணனை செய்வார், அதுவும் ஃபீல்டிங் விட்டவர்களை அவர் திட்டுவதைக் கேட்க எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்காரும்.

நீங்கள் டிஷ்ஷைக் கழற்றிய மறுநாள் இந்தியாவின் ஒருநாள் ஆட்டம். டிவியில் 'சிக்னல் இல்லை' என்று ஒரு கட்டம் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் அறைச் சாவி பொருளாளரிடம், பொருளாளர் ஊருக்குப் போயிருந்தார். கடைசியில் என் ஃபோனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக் கொடுத்தேன். இரண்டு கண்ணிலும் புரை எடுத்தவர். "ஏண்டா, பந்தே தெரியலையே" என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ஆப் போட்டுக் கொடுங்கள் சார், காலம் மாறிவிட்டது என்று செயலாளர் சார் சொன்னது நினைவிருக்கிறது. காலம் மாறிவிட்டதுதான். ஓடிபி எங்கே வந்தது என்று அம்மா கண்டுபிடிப்பதற்குள் அந்த ஓடிபியின் காலமும் முடிந்துவிடுகிறது.

கேபிள்தான் இருக்கிறதே என்பீர்கள். இந்திய ஆண்கள் அணியின் ஒருநாள், டி20 ஆட்டங்களைப் பொது ஒளிபரப்போடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டம் போட்டார்கள். அப்படிப் பகிர்ந்த ஒளிபரப்பு தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் வரலாம், கேபிளிலும் தனியார் டிடிஹெச்சிலும் வரக்கூடாது என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே காசு வாங்காத டிஷ்ஷில் வருகிற ஆட்டம், மாதாமாதம் காசு கட்டுகிற கேபிளில் வராது, அங்கே தனியார் விளையாட்டுச் சேனலுக்கு மேற்கொண்டு கட்ட வேண்டும். 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது 100 சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் சொச்சம், அதற்கு மேல் கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. 2024-ல் அந்த 130 என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். ஃப்ரீ டிஷ்ஷுக்கோ டிஷ், பெட்டி, ஒயர், கூலி எல்லாம் சேர்த்து ஒரே தடவை ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய். அதோடு முடிந்தது. நம் குடியிருப்பில் மட்டும் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கேபிள் பணம் மெயின்டனன்ஸ் பில்லோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அந்த ஒப்பந்தத்தை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்டபோது "அது பழைய கமிட்டி போட்டது" என்றார்கள். பழைய கமிட்டியில் இருந்தவர்கள்தான் புதிய கமிட்டியிலும் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஒரு காலத்தில் இந்த ஊரில் ஆன்டெனா இல்லாத மாடி ஏது? காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறித் திருப்ப, இன்னொருவர் கீழேயிருந்து "வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போச்சு" என்று கத்துவார். மாடியின் அழகு பற்றி யாரும் நோட்டீஸ் ஒட்டியதாக நினைவில்லை. அந்தப் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 வாக்கில் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள், ஆக மாதக் காசில்லாமல் டிவி பார்க்கிறவர்களுக்கு மிஞ்சியது இந்த டிஷ்தான். அதில் ஹிந்திப் படச் சேனல்கள் வரிசை கட்டி நிற்கின்றன, தமிழைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது என்று பொருளாளர் சொன்னது உண்மை, எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்தை டெல்லியிடம் காட்ட வேண்டும், என் அம்மாவின் டிஷ்ஷிடம் அல்ல.

பிள்ளைகளை அமெரிக்காவில் வைத்திருக்கிறவர்கள் கமிட்டியில் மூன்று பேராவது இருக்கிறீர்கள். கேட்டுப் பாருங்கள். ஒருவர் தான் மட்டும் புழங்குகிற பால்கனியில் ஒரு மீட்டருக்கு உட்பட்ட டிஷ் வைத்தால் அங்கே சங்கம் தடுக்க முடியாது, 1996-லிருந்து விதி இருக்கிறது. பொது மாடிக்கு அது பொருந்தாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் செயலாளர் சார் சொல்லிவிடுவார். இங்கே அப்படி ஒரு விதியை நான் காட்டவில்லை. ஆனால் மாடி பொதுவிடம் என்றால் பிரிபடாத பங்கில் எனக்கும் ஒரு துண்டு இருக்கிறது. டவருக்கு அதே பொதுவிடத்தைக் கொடுத்தபோது என்னை யாரும் கேட்கவில்லை.

சரி, சூடாகப் பேசுவதற்கு உட்காரவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, பி பிளாக் மாடியின் தென்கிழக்கு மூலையில் டிஷ் வைக்க எழுத்தில் அனுமதி கொடுக்கும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தளத்துக்குச் சேதம் வந்தால் என் செலவில் சரிசெய்வதாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். வேறு வீடுகளுக்கும் வேண்டுமென்றால் ஒரே டிஷ்ஷிலிருந்து நாலு வீட்டுக்கு இணைப்புக் கொடுக்கலாம், அதற்கான எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கிற கருவி) கடையில் கிடைக்கிறது, மாடியில் கூட்டமும் சேராது. டிஷ் பொருத்துகிற தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் என்கிறார், அதற்குள் அனுமதி கிடைத்தால் நல்லது.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாம் மாடி உறுப்பினர்

பி.கு.: வாட்ச்மேன் அறையில் டிஷ் இருக்கிறது, அதிலிருந்த எல்என்பியைக் காணவில்லை. யார் எடுத்து வைத்திருக்கிறீர்களோ தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.