ஒரு பரங்கிக்காய்க்காக ஆயர் ஐயாவுக்கும் சபைக் கமிட்டிக்கும் திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர் ஐயா அவர்களுக்கும் சபைக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகை முடிந்து நாலு ஞாயிறு ஆகிவிட்டது. அன்று மத்தியானம் நடந்த காணிக்கைப் பொருள் ஏலத்தை நீங்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். முழுக் கதையையும் நான் எழுத வேண்டியதில்லை. ஒரு எலுமிச்சம்பழம் 7,500 ரூபாய்க்குப் போனது. இரண்டு குடும்பங்கள் விடாமல் ஏற்றிக்கொண்டே போனார்கள், மைக்கில் பெயரும் தொகையும் முழங்கின, நாம் கை தட்டினோம். அடுத்து மேசைக்கு வந்தது ஒரு பரங்கிக்காய்.

அதைக் கொண்டுவந்தவர் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் பட்டறையில் வேலை பார்க்கும் அக்கா. கண்ணாடியின் மேல் வண்ணம் ஊற்றிப் பூப்போடுகிறவர்களைத்தான் வருகிறவர்கள் போட்டோ எடுப்பார்கள். இவருடைய வேலை கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதும் ஏற்றுவதும். சிமெண்ட் தின்று விரல் நுனியெல்லாம் வெடித்துப்போன கை. கொல்லையில் படர்ந்த கொடியில் முதலில் காய்த்ததை, முதற்பலன் என்று துணியில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மைக் பிடித்தவர், "இதுக்கு ஆளே இல்லையா? அம்பது ரூபாய்க்குக்கூடவா ஆள் இல்லை?" என்று இரண்டு தரம் கேட்டார். ஒரே சிரிப்பு. கடைசியில் அந்த அக்காவே, "நானே எடுத்துக்கிறேன் தம்பி" என்று அறுபது ரூபாயைக் கொடுத்துவிட்டு, கர்த்தருக்கென்று கொண்டுவந்ததைத் திரும்ப வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவர் ஆராதனைக்கு வரவில்லை. போன வாரம் வீட்டுக்குப் போய் விசாரித்தேன். "வேலை இருந்துச்சு தம்பி" என்றார். காயை என்ன செய்தீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

என் விண்ணப்பம் ஒன்றுதான். ஏலத்தை நிறுத்துங்கள். காணிக்கைப் பொருளை விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் மேசையில் விலை எழுதி வையுங்கள்; வேண்டியவர் எடுத்துக்கொண்டு பெட்டியில் காசு போடட்டும். மைக்கில் பெயர் வேண்டாம், தொகையும் வேண்டாம்.

அன்று காலையில் ஐயா எடுத்த வசனம் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம். சுயாதீனம் என்றால் மனம் போனபடி நடப்பது இல்லை, மாம்சத்தின் இச்சையிலிருந்து விடுபட்டு அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்வது என்று அருமையாகச் சொன்னீர்கள். பிரசங்கத்தில் எனக்குக் குறையே இல்லை. அது மத்தியானச் சாப்பாடு வரைக்கும்கூடத் தாங்கவில்லையே என்பதுதான் வருத்தம். போன வருஷம் குடித்துவிட்டு வந்த ஒரு பையனைத் திருவிருந்திலிருந்து ஆறு மாதம் தள்ளி வைத்தீர்கள். சரி. ஆனால் அதே அதிகாரத்தில் பவுல் எழுதும் மாம்சத்தின் கிரியைகளில் வெறி, அதாவது குடிவெறி, கடைசிக்கு முந்திதான் வருகிறது. வைராக்கியம், பிரிவினை, பொறாமை எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன. அவற்றுக்கு நாம் கொடுத்தது கைதட்டல்.

நான் யோக்கியன் என்று இதை எழுதவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இதே ஏலத்தில் மச்சானோடு போட்டி போட்டு ஒரு சேவலை 4,200 ரூபாய்க்கு எடுத்தவன்தான் நான். அந்த மாதம் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டவில்லை. குழம்பு ருசிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான், ஆனால் பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது. மச்சான் முகம் வாடியது அதைவிட ருசித்தது. காணிக்கை என்ற பெயரில் என்னை நானே கும்பிட்டுக்கொண்ட நாள் அது. குடிக்கிறவனுக்காவது தான் குடிப்பது தெரியும். இந்தப் போதையில் இருப்பவனைச் சபையே எழுந்து நின்று பாராட்டினால், அவன் எதிலிருந்து விடுதலை கேட்டு ஜெபிப்பான்?

நம் சபைக்காரர் இல்லை என்றாலும், ஜான் டி பிரிட்டோ என்ற போர்ச்சுகல் பாதிரியாரான ஓரியூர் அருளானந்தரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பல மனைவிகள் இருந்த மறவர் குலத் தலைவர் தடியத் தேவர் ஞானஸ்நானம் கேட்டபோது, ஒரு மனைவியோடு நிற்கச் சம்மதித்தால்தான் என்று கறாராகச் சொன்னவர் அவர். விலக்கப்பட்ட மனைவிகளில் ஒருவர் ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். விவகாரம் முற்றி, 1693 பிப்ரவரி 4இல் அருளானந்தரின் தலையை வெட்டினார்கள். ஆசையை விடச் சொன்னதற்கு அவர் தலையைக் கொடுத்தார். நம்மால் ஒரு மைக்கைக் கீழே வைக்க முடியாதா?

மைக் மட்டுமா? ஆலயத்தில் ஒவ்வொரு மின்விசிறி இறக்கையிலும் உபயம் என்று ஒரு பெயர் இருக்கிறது. சுற்றும்போதாவது எழுத்து மறைகிறதே, அது கர்த்தருடைய கிருபை. கமிட்டித் தேர்தல் வந்தால் வருஷம் முழுக்க ஆலயப் பக்கமே வராதவர்களைக் கார் வைத்து அழைத்து வருகிறோம். பர்மா தேக்கில் தூண் நிறுத்தி முகப்பில் பெயர் பொறித்த வீடுகள் பூட்டிக் கிடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிற ஊர்க்காரர்கள் நாம். இருந்தும் பெயர்மேல் உள்ள ஆசை மட்டும் விடவில்லை.

மன்னிக்கவும், பேச்சு எங்கேயோ போய்விட்டது. ஏலப் பணத்தில்தான் ஆலயத்துக்கு ஓடு மாற்றினோம் என்று பொருளாளர் அண்ணன் சொல்வார். உண்மைதான், நானும் அந்த ஓட்டின் கீழேதான் உட்காருகிறேன். போட்டி இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வசூல் குறையும், அதுவும் உண்மை. குறையட்டும் ஐயா. சேவலுக்கு ஆன தொகையை இந்த வருஷம் ஏலம் இல்லாமலே பெட்டியில் போடுகிறேன். தயவுசெய்து அதையும் அறிவிக்காதீர்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் ஏலத்தை நிறுத்துவதாகத் தீர்மானம் எழுதும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுதி முடித்ததும் உங்களில் யாராவது இரண்டு பேர் அந்த அக்கா வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். பட்டறையிலிருந்து அவர் வீடு திரும்ப ஆறு மணி ஆகும். வழி காட்ட நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சபை அங்கத்தினன்