பட்டப்படிப்பு மாறுகிறது, அரியர் என்னாகும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்நாடகம் 2021-22இல் நான்காண்டுப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. 2024-25இல் மூன்றாண்டுக்கே திரும்பிவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழகமோ 2013இல் தொடங்கி, 2014இல் கைவிட்டு, 2022இல் மறுபடி ஆரம்பித்தது. எது உசத்தி என்று இன்னொரு நாள் சண்டை போட்டுக்கொள்ளலாம். இப்போது கவலையெல்லாம் நடுவில் மாட்டிக்கொண்ட மாணவர்களைப் பற்றித்தான்.

நான்காண்டுத் திட்டத்தில் முதல் இரண்டு வருஷம் முதன்மைப் பாடம் இரண்டு; இப்போதைய மூன்றாண்டுத் திட்டத்தில் மூன்று பாடம். 2023இல் இயற்பியலும் கணிதமும் எடுத்துச் சேர்ந்த பெண், உடல்நலம் சரியில்லாமல் ஒரு வருஷம் நின்றுவிட்டுத் திரும்பினால், வகுப்பில் வேதியியலும் நடக்கும். அதில் முதல் இரண்டு செமஸ்டர் அவர் படித்ததே இல்லை. பழைய பாடத்தை நடத்தவோ அந்த வகுப்பே இருக்காது.

அரியர் வைத்தவர் பாடு வேறு மாதிரி. திறன் பாடம், விருப்பப் பாடம் போன்றவற்றுக்குப் புதிய திட்டத்தில் ஈடான தாள் இல்லையென்றால், பத்துப் பேருக்காகத் தனி வினாத்தாள் எடுக்க வேண்டும். மொழிப்பாடமாகத் தமிழ் எடுத்தவர்கள் ஏற்கெனவே ஒரு கல்லூரிக்கு நாலைந்து பேர்தான். பழைய பாடநூல் கடையில் கிடைக்காது; நடத்திய கெஸ்ட் லெக்சரரும் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார்.

தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இதைச் சீக்கிரம் தீர்த்துவிட முடியும். பாடத்திட்டக் குழு, கல்விக் குழு, தேர்வுப் பிரிவு எல்லாம் ஒரே நிர்வாகத்தில். அந்த வேகத்துக்கும் ஒரு விலை உண்டு: தாளின் பெயரையும் குறியீட்டையும் வருஷா வருஷம் மாற்றினால், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது மதிப்பெண் பட்டியலும் பாடத்திட்டமும் ஒத்துப்போகாது. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு இணைப்புக் கல்லூரிகள் ஏராளம்; அங்கே இவ்வளவு சீக்கிரம் தீராது. பெங்களூர் பல்கலைக்கழகத்தை 2017இல் மூன்றாகப் பிரித்த பிறகும் அப்படித்தான்.

ஆகவே பாடத்திட்டத்தை மாற்றும் உத்தரவோடு சேர்த்தே ஈடு அட்டவணையும் வர வேண்டும். பழைய தாள் ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய தாள், கிரெடிட் (படிப்பு நேரத்தைக் கணக்கிடும் அலகு), ஈடு இல்லையென்றால் "இல்லை" என்று பளிச்சென்று. பழைய திட்டத் தேர்வு எந்த வருஷம் வரை, எத்தனை முறை என்பதும் அதிலேயே இருக்கட்டும். பழைய ஆசிரியர்கள் கலைவதற்குள் தாளுக்கு நாலு செட் வினாத்தாள் வாங்கி வைத்துவிடலாம்.

விட்டுப்போன பாடத்துக்கு இணைப்பு வகுப்பு வைப்பதும் ஒன்றும் பிரம்மப் பிரயத்தனம் இல்லை. தியரி ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேரம்; நாலு கிரெடிட் தாளுக்கு 60. தினம் மூன்று மணி வீதம் விடுமுறையில் 20 நாளில் முடிந்துவிடும். லேப்தான் இழுக்கும்: ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி. பக்கத்துக் கல்லூரி லேபைச் சனிக்கிழமைகளில் திறந்துவிட்டால் அதுவும் ஆகும். இதற்குத் தனியாகக் கட்டணம் மட்டும் வாங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு