விசாரணை அறையில்தான் விறுவிறுப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரிட்டிஷ் போலீஸ் தொடர்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். 'வேரா'வில் வரும் நார்தம்பர்லாந்து கடற்கரையையும், 'ஷெட்லாந்து' தொடரின் தீவுகளையும் கட்டுரையாளர் கண்முன் நிறுத்தியிருந்தார். ஆனால் நிலக்காட்சியும் நிதானமான நடையும்தான் இத்தொடர்களின் ஈர்ப்பு என்று அவர் முடித்துவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. என்னை இழுத்துப் பிடிப்பது நான்கு சுவர்களும் ஒரு மேசையுமாக இருக்கும் அந்த விசாரணை அறை.

அங்கே இரண்டு அதிகாரிகள். எதிரில் சந்தேகத்துக்குரியவர், அவர் பக்கத்தில் வழக்கறிஞர். ஒலிப்பதிவு தொடங்குகிறது, இருப்பவர்களின் பெயர்கள் பதிவாகின்றன. கை ஓங்கக் கூடாது. இங்கிலாந்தில் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் குற்றம்சாட்ட வேண்டும், இல்லையேல் அனுப்பிவிட வேண்டும். கடுமையான குற்றமானால் கண்காணிப்பாளர் அனுமதியுடன் 36 மணி நேரம் வைத்திருக்கலாம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அங்கும் 96 மணி நேரம்தான் எல்லை. இத்தனை கட்டுகளுக்குள் நிற்கும் அதிகாரிக்குக் கேள்வி ஒன்றுதான் ஆயுதம். எதிராளியின் ஒரு சிறு தயக்கத்துக்காக அவர் காத்திருக்கும்போது நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

இந்தக் கட்டுப்பாடுகள் கதாசிரியர்கள் கற்பனையில் வந்தவை அல்ல. 1972இல் லண்டனின் கேட்ஃபோர்டில் நடந்த ஒரு கொலை வழக்கில், போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலங்களை வைத்து 14, 15, 18 வயதுள்ள மூவர் தண்டிக்கப்பட்டார்கள். 1975இல் அத்தீர்ப்பு ரத்தானது. எப்படி நேர்ந்தது இந்த அநியாயம் என்று எழுந்த கேள்வி விசாரணைக் குழு, அரச ஆணையம் எனப் போய், 1984ஆம் ஆண்டின் போலீஸ் மற்றும் குற்றச் சாட்சியச் சட்டத்தில் வந்து நின்றது. பர்மிங்காம் குண்டுவெடிப்பு வழக்கில் குற்றமே செய்யாமல் 16 ஆண்டுகள் சிறையில் கிடந்த ஆறு பேர் விடுதலையானது 1991 மார்ச்சில். அடுத்த மாதமே ஹெலன் மிர்ரன் நடித்த 'பிரைம் சஸ்பெக்ட்' ஒளிபரப்பானது. மாரடைப்பால் இறந்த அதிகாரியின் இடத்துக்கு வரும் ஜேன் டென்னிசன் அதில் முதலில் கண்டுபிடிப்பது கொலையாளியை அல்ல. கொலையுண்ட பெண்ணின் அடையாளத்தையே தன் துறை தவறாகப் பதிந்திருப்பதை. பிடித்து வைத்த ஆளை அவர் வெளியே விடவேண்டியிருக்கிறது. ஏற்கெனவே அவரை வெறுக்கும் ஆண் அதிகாரிகள் நடுவில் அந்தப் பெண் நிற்கும் நிலையை நினைத்துப் பாருங்கள்.

'பிராட்சர்ச்' தொடரை இன்னும் பார்க்காதவர்களுக்காகப் பெயர்களைத் தவிர்க்கிறேன். பதினொரு வயதுச் சிறுவனைக் கொன்றவர் பிடிபட்டதும் ஓர் அதிகாரி ஆத்திரம் தாங்காமல் அவரை அடித்துவிடுகிறார். பார்க்கும் நமக்கும் அந்த அடி நியாயமாகத்தான் படுகிறது. 2015இல் வந்த இரண்டாம் பருவத்தில் வழக்கு நீதிமன்றம் போகிறது. அந்த அடியைக் காட்டியே ஒப்புதல் வாக்குமூலத்தை எதிர்த்தரப்பு தள்ளுபடி செய்ய வைக்கிறது. நம் நாட்டில் போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் 1872ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நீதிமன்றத்தில் செல்லாது. அங்கே செல்லும், ஆனால் கொடுமைப்படுத்திப் பெற்றதல்ல என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். இது தெரிந்தால்தான் அந்த ஓர் அடி எவ்வளவு பெரிய இழப்பு என்பது நமக்கு உறைக்கும். இறந்த பிள்ளையின் தாய் நீதிமன்றத்தில் அமர்ந்து அதைக் கேட்கும் காட்சியை என்னால் மறக்கவே முடியவில்லை.

'லைன் ஆஃப் டியூட்டி' ஆறாம் பருவத்தின் கடைசிப் பகுதியை 2021இல் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். அத்தொடரில் ஒரே விசாரணைக் காட்சி இருபது நிமிடத்தைத் தாண்டி ஓடும், கண்ணை எடுக்க முடியாது. ஆனாலும் பருவத்துக்குப் பருவம் சதிக்குள் சதியாகப் பெருகியது எனக்குச் சலிப்பைத் தந்தது. என் மனதுக்கு நெருக்கமானது 'அன்ஃபர்காட்டன்'. இடிக்கப்பட்ட வீட்டின் அடியில், 1976இல் காணாமல்போன ஓர் இளைஞனின் எலும்புகள் கிடைக்கின்றன. சந்தேகத்துக்குரியவர்கள் இப்போது முதியவர்கள்; பேரப்பிள்ளைகள் எடுத்தவர்களும் உண்டு. நாற்பது ஆண்டுகளாகியும் அந்தப் பையனுக்காக ஒரு தாய் காத்திருக்கிறாள் என்பதற்காகவே போலீஸ் அதிகாரிகளான கேசியும் சன்னியும் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார்கள். குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல் அவர்கள் கேட்கும் கேள்விகளில் இருக்கும் உறுதி எந்தத் துப்பாக்கிச் சண்டையிலும் இல்லை.

கட்டுரையாளரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 'பிரைம் சஸ்பெக்ட்' பற்றி அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. பின்னால் வந்த பெண் அதிகாரிகளின் கதைகளுக்கெல்லாம் வழி திறந்த தொடர் அது. அதற்கென்றே தனியாக ஒரு கட்டுரையை அவர் எழுத வேண்டும். தாங்களும் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.