உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது

சிவமயம்

பள்ளத்தூர்
கார்த்திகை 14

அன்பு மகள் உமையாளுக்கு,

இங்கு நானும் ஆத்தாவும் சுகம். நீ அங்கு சுகமாய் இருக்க வைரவன்கோயிலானை வேண்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் சொன்னதை ஆத்தாவிடம் அப்படியே சொன்னேன். "நாள் பூராப் பணியாரம் ஊத்திட்டு வந்து படுக்கிறவளுக்குப் பணியார வீடியோ அனுப்புவீங்களா அப்பச்சி?" ஆத்தா சிரித்த சிரிப்பு வளவு முழுக்கக் கேட்டது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நாள் பூரா விமானம் ஓட்டி, நாலு செக்டர், அதாவது நாலு தடவை ஏறி இறங்கி முடித்து ஓட்டல் அறைக்கு வந்தவளுக்கு, "காற்றில் தள்ளாடிய விமானம், கடைசி நொடியில் நடந்தது என்ன" என்று ஒன்றை அனுப்பி வைத்தது நான்தான். இருந்தாலும் பெற்றவனுக்கு ரோஷம் இருக்காதா? மூன்று நாள் உனக்கு ஒரு வணக்கம்கூட அனுப்பவில்லை. நீ அதைக் கவனித்தாயோ என்னவோ.

புதன்கிழமை காலையில் முகப்பில் ஒரு பையன் வந்து நின்றான். குச்சியில் மாட்டிய கேமரா, சட்டையில் குட்டி மைக். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். நல்ல பிள்ளைதான், நடையனைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் படியேறினான். யூடியூபுக்கு வீட்டைப் படம் பிடிக்கணும் என்றான். சரி என்றேன். பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று நாற்பது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பர்மாத் தேக்கு, இத்தாலிக் கல், ஆத்தங்குடிக் கல், சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு எல்லாம் அவனுக்கு முன்கூட்டியே மனப்பாடம். நான் என் பங்குக்கு ஐப்பசி மழையில் இரண்டாம் கட்டில் ஒழுகுவதை ஆரம்பித்தேன். ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைக்காதது, பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்குப் பங்கு இருப்பது, ஒரு கையெழுத்துக்கு மலேசியா வரை ஆள் தேடுவது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவன் மரியாதையாகக் கேமராவைக் கீழே இறக்கிவிட்டான். அப்புறம் கேட்டான்: "ஐயா, அந்தத் தூண்கிட்ட கொஞ்சம் சோகமா நிக்க முடியுமா?"

நின்றேன், மகளே. அதுதான் கேவலம்.

வெள்ளிக்கிழமை வீடியோ வந்துவிட்டது. "ஆள் இல்லாத அரண்மனை, உறைய வைக்கும் ரகசியங்கள்!" உள்ளே உன் ஆத்தா பூண்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிற வீடு ஆள் இல்லாத வீடாம். நெல் கொட்டி வைத்த இருட்டறை, தப்புச் செய்த வேலைக்காரர்களை அடைத்து வைத்த அறையாம். நடுவில் நான் தூணில் சாய்ந்து நிற்கிறேன், பின்னால் புல்லாங்குழல். அவன் பொய் சொல்கிறான் என்று ஒரேயடியாக அடித்துச் சொல்லவும் முடியவில்லை. தூண் பர்மாத் தேக்குதான், கல் இத்தாலிக் கல்தான். ஆனால் அது நம் வீடு இல்லை.

அதைப் பார்த்தபோதுதான் நீ சொன்னது எனக்கு உறைத்தது.

நான் ஏன் இந்த விமான வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ பயிற்சிக்குப் போனபோது எனக்கு விமானத்தைப் பற்றித் தெரிந்தது இரண்டே சமாசாரம். ஒன்று, வள்ளல் அழகப்பர் லண்டன் பக்கம் குரோய்டனில் விமானம் ஓட்டப் பழகியவர், பிற்பாடு ஜூபிடர் ஏர்வேஸ் என்று கம்பெனியே நடத்தியவர். இன்னொன்று, செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைப் பக்கம் கிடக்கும் யுத்தகால ஓடுதளம். உன்னை டி.வி.எஸ். 50-இல் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போவேனே, அங்கே ஆடுதான் மேய்ந்துகொண்டிருக்கும். 200 மணி நேரம் பறந்தால்தான் லைசென்ஸ் என்றாய். அந்த 200 மணி நேரமும் நீ என்ன செய்வாய் என்று தெரியாமல் இங்கே உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு ரிட்டயர்டு பைலட் நிதானமாக, கரும்பலகை வாத்தியார் மாதிரி, இறக்கை ஏன் வளைகிறது, குலுங்கினால் ஏன் உடையாது என்று விளக்கும் வீடியோ கிடைத்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆத்தாகூடப் பார்ப்பாள். விமானம் தரையைத் தொடப்போகையில் "ட்வென்ட்டி, ரிடார்ட்" என்று மெஷின் குரல் வருமே, "அது யாரு உள்ளே உக்காந்து அதட்டுறது?" என்பாள்.

அந்தப் பெரியவரும் போகப் போக மாறித்தான் போனார். வாரம் ஒன்று போட வேண்டும், விபத்து வாரம் ஒன்று நடக்காது. சும்மா கோ அரவுண்ட் போனதெல்லாம் மயிரிழையில் தப்பியது ஆனது. நீதானே சொன்னாய், இறங்குவது சரியாக அமையவில்லை என்றால் மேலே ஏறிச் சுற்றி வருவதுதான் புத்திசாலித்தனம் என்று. கடைசியாகப் பார்த்தபோது அவர் வீடியோவின் முகப்புப் படத்திலும் வாய் பிளந்திருந்தது, சிவப்பு அம்புக்குறி இருந்தது.

அமெரிக்காக்காரன் ஒருத்தன் வீடியோவை உனக்கு அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? 2021 நவம்பரில் இன்ஜின் நின்று போச்சென்று பாராசூட்டில் குதித்து, குதிக்கும்போதும் கையில் கேமராவை விடாமல் இருந்தானே, அவன்தான். நான் கண் கலங்கி அனுப்பினேன். நீ ஒரு வரி எழுதினாய்: "பாராசூட்டை ஏன் முதல்லயே மாட்டியிருந்தான்?" அவ்வளவும் வீடியோவுக்காக வேண்டுமென்றே செய்தது, உடைந்த விமானத்தைக்கூட அப்புறப்படுத்தி அழித்திருக்கிறான். 2023 டிசம்பரில் ஆறு மாதம் ஜெயில் கொடுத்தார்கள். பயிற்சியில் இருந்த நீ ஒரு பார்வையில் கண்டுபிடித்ததைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

அடுத்தது திருச்சி விமானம். 2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. பூஜைக்கு வைத்த பொரியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. சாயங்காலம் சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, 141 பேரோடு வானத்தில் வட்டமடிக்கிறது என்று டி.வி.யில் ஓடியது. புதுக்கோட்டையில் உன் அம்மான் மொட்டை மாடியில் ஏறி நின்று போன் போடுகிறார், "தலைக்கு மேலேயே சுத்துது" என்று. ஒரு சேனல்காரன் வயிற்றால் இறங்கப் போகிறது என்கிறான், இன்னொருத்தன் எண்ணெயை வானத்தில் கொட்டுகிறது என்கிறான். அது உன் விமானம் இல்லை, உன் கம்பெனிகூட இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உனக்குப் பதினொரு தடவை போன் போட்டேன்.

இரண்டரை மணி நேரம் சுற்றி, எட்டே கால் மணி வாக்கில் சாதாரணமாகச் சக்கரத்தில் வந்து இறங்கியது. நீ குவாஹாட்டியில் இறங்கிப் போனை ஆன் செய்தால் அப்பச்சியின் பதினொரு மிஸ்டு கால். ஆத்தாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கை நடுங்கிப் போனதாக நீ சொன்னது ஒரு வாரம் கழித்து. இறக்கை நடுங்கினால் நடுங்காத பெண்ணை நான் நடுங்க வைத்துவிட்டேன். அந்த ரக விமானத்தில் எண்ணெயைக் கொட்டும் வசதியே கிடையாது, எடை குறைய எரித்துத்தான் தீர்க்கணும், அதற்குத்தான் சுற்றினார்கள், உள்ளே இரண்டு பேர் செக்லிஸ்ட்டை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நீ விளக்கினாய். அந்த இரண்டரை மணி நேரத்தை உள்ளபடி படம் எடுத்தால் பார்ப்பவன் தூங்கிவிடுவான்.

அகமதாபாத் விமான விபத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். 2025 ஜூன் 12 மத்தியானம். 260 உயிர். புகை அடங்குமுன் கம்ப்யூட்டர் விளையாட்டில் அதே மாதிரி விமானத்தை ஓட்டிக் காட்டி, ஃபிளாப் என்கிற இறக்கைப் பின்மடிப்பைத் தப்பாக மடக்கிவிட்டார்கள் என்று தீர்ப்புச் சொன்னவர்கள் எத்தனை பேர்! அதில் ஒன்றை நானும் உனக்கு அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கையில், ஃபிளாப் நெம்புகோல் புறப்படும்போது இருக்க வேண்டிய 5 டிகிரியிலேயே இருந்தது என்று போட்டிருந்தது. முன்பு தீர்ப்புச் சொன்னவர்கள் வருத்தம் தெரிவித்ததாக என் கண்ணில் படவில்லை. அடுத்த நாளே எரிபொருள் சுவிட்சைப் பிடித்துக்கொண்டார்கள், இப்போது கேப்டனையே கைகாட்டி. அந்தக் கேப்டனின் அப்பாவுக்கு அப்போது 91 வயது. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார், உங்கள் மகன் மேல் யாரும் பழி போட முடியாது என்று நீதிபதிகள் அவருக்குச் சொன்னார்கள். பேப்பரில் அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மனிதர் கண்ணிலும் யாராவது ஒருவர் அனுப்பிய வீடியோ பட்டிருக்கும்தானே.

விபத்து நடந்த மறு நிமிஷம் காரணம் சொல்வது நம் ஊருக்கும் புதிதில்லை. 1954 மார்ச் 13-இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்தார். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தவர். அங்கே கல்லாங் விமான நிலையத்தில் இறங்கும்போது ஓடுதளத்துக்கு முன்னால் இருந்த கரைச் சுவரில் இடித்து 33 பேர் போனார்கள். தந்தி வந்த அன்றைக்கே காரணமும் வந்துவிட்டதாம், ஏறின நேரம் ராகுகாலம் என்பதில் தொடங்கி ஆளுக்கு ஒன்று. என் ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிறகு விசாரணையில் தெரிந்தது: அந்தக் கேப்டன் சிட்னியிலிருந்து கிளம்பி 21 மணி நேரத்துக்கு மேல் வேலையில் இருந்திருக்கிறார். களைப்பு.

இத்தனை வருஷமாக நான் பார்த்த வீடியோக்களில் தூக்கத்தைப் பற்றி ஒன்றுகூட இல்லை. பைலட்டுகளுக்கு வாரத்துக்கு 36 மணி நேரமாக இருந்த ஓய்வை 48 ஆக்கியிருக்கிறார்கள் என்று பேப்பரில்தான் படித்தேன். உனக்கு அது ஒழுங்காகக் கிடைக்கிறதா? இதைத்தான் நான் கேட்டிருக்கணும். கேட்காமல் காற்றில் தள்ளாடிய விமானத்தை அனுப்பினேன்.

உன் மேலும் ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சுக் கூடாது என்று உங்களுக்கு விதி இருக்கிறதாமே. நீ வீட்டுக்கு வந்தாலும் அதைத்தான் கடைப்பிடிக்கிறாய். "எப்படி இருந்துச்சு?" "நல்லா இருந்துச்சு அப்பச்சி." தீர்ந்தது. என் ஐயா பர்மாவில் மோல்மீனுக்கு மூன்று வருஷக் கணக்கு வேலைக்குப் போனவர், கப்பல் கடிதத்தில் மழை எத்தனை நாள் பெய்தது, மேலாள் எப்படித் திட்டினார் என்பது வரைக்கும் எழுதுவார். மழை ஈரத்தில் விமானத்தை அழுத்தித்தான் இறக்கணும், பட்டுப் போல இறக்கினால் வழுக்கும் என்பதை நீ எனக்குச் சொன்னதே, விமான வாசலில் ஒருத்தன் "பொம்பளை ஓட்டினா இப்படித்தான்" என்று காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போன கோபத்தில்தான். அந்தக் கோபம் இல்லாவிட்டால் எனக்கு அதுவும் தெரிந்திருக்காது. நீ சொல்லாத இடத்தில்தான் வாய் பிளந்தவன் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

நேற்று அந்தப் பையன் மறுபடி போன் செய்தான். வீடியோவுக்கு நல்ல வரவேற்பாம். பக்கத்து வீட்டில் யாரோ நீ பைலட் என்று சொல்லியிருக்கிறார்கள். பைலட்டின் அப்பா என்று ஒரு பேட்டி வேண்டுமாம். முடியாது என்றேன். விடாமல், "ஒரே ஒரு கேள்வி ஐயா, உங்க பொண்ணு எப்பவாவது மேலே பயந்திருக்காங்களா?" என்றான்.

தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன். நிஜமாகவே தெரியாது, மகளே.

பிள்ளையார் நோன்புக்கு உனக்கு லீவு கிடைக்காது என்று ஆத்தா முடிவே கட்டிவிட்டாள். டெல்லியில் நம்மவர்கள் கூடுகிற இடத்தில் போய் இழை எடுத்துக்கொள். கவுனி அரிசியும் சீப்புச் சீடையும் பார்சலில் வருகின்றன, சீடையை மட்டும் பத்திரமாகப் பிரி, போன தடவை தூளாகத்தான் வந்தது என்றாய். இரண்டாம் கட்டில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன், தை பிறந்ததும் ஓட்டுக்காரர் வருகிறேன் என்றிருக்கிறார். நீ எந்த வாரம் வருகிறாய் என்று முன்கூட்டிச் சொன்னால் அந்த வாரம் வேலை வைக்காமல் இருப்பேன். பகலெல்லாம் ஓடு இறக்கும் சத்தத்தில் நீ தூங்க முடியாது.

அன்புடன்
அப்பச்சி