ஸ்பியான் கோப்பில் காயம்பட்டோரைச் சுமந்தவர்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்கக் கோரும் மனு

பெறுநர்:
நினைவிடங்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்,
குவாசுலு-நடால், தென்னாப்பிரிக்கா.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதினேன். பதில் வரவில்லை. போன காவடித் திருவிழாவில் நீங்கள் என் அம்மாவிடம் தமிழில் நலம் விசாரித்தீர்கள். அந்தத் தைரியத்தில் இம்முறை தமிழில் எழுதுகிறேன்.

1. ஸ்பியான் கோப் குன்று தங்களுக்குத் தெரிந்ததுதான். போயர் போரில், 1900 ஜனவரி 23 இரவு பிரிட்டிஷ் படை இருட்டில் அதில் ஏறியது. பாறை நிலம், ஆழமாகத் தோண்ட முடியவில்லை. காலையில் மூடுபனி விலகியதும், டச்சு வழி வந்த போயர் குடியேறிகளின் குண்டுகளுக்கு நேர் எதிரே கிடந்தார்கள். இறந்தவர்கள் பதுங்கிய குழியிலேயே புதைக்கப்பட்டார்கள்.

2. பிரிட்டிஷ் படையில் காயம்பட்டோரைச் சுமக்கக் காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறத்தாழ 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். குண்டு விழும் இடத்துக்குப் போகவேண்டியதில்லை என்பதுதான் முதலில் பேச்சு. ஸ்பியான் கோப்பில் அங்கேயும் போனார்கள். சில நாள் 20, 25 மைல் ஸ்ட்ரெச்சர் தூக்கி நடந்தார்கள். தலைவர்களுக்குப் பதக்கம் கிடைத்தது.

3. அம்மாவுக்கு 86 வயது. அவருடைய தாத்தா அந்தக் கூலிகளில் ஒருவர். ஸ்ட்ரெச்சர் கட்டை உரசித் தோளில் விழுந்த தழும்பை அம்மா சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு ஜனவரி 24-ம் தேதியும் குன்றுக்குப் போகவேண்டும் என்பார். கார் நிற்கும் இடத்திலிருந்து நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். அங்கே நினைவுக் கல்லில் உள்ள பெயர்களை விரலால் தடவித் தடவிப் படிப்பார். "தாத்தா எங்கடா?" என்பார். நான் என்ன சொல்ல? கற்பூரம் ஏற்றக்கூட எங்களுக்கென்று ஓர் இடம் இல்லை. பிரிட்டிஷ் சிப்பாய்களின் குழி ஓரத்தில் வைத்தோம். அனுமதி இல்லை என்று ஒருவர் அணைத்துவிட்டுப் போனார். அன்று அம்மா வீடு வரும்வரை பேசவில்லை.

டர்பன் ஆவணக் காப்பகத்தில் ஒப்பந்தக் கூலிகள் வந்த கப்பல்களின் பதிவேடுகள் இருக்கின்றனவே! பெயர், தகப்பன் பெயர், ஊர், உடம்பில் இருந்த மச்சம் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். கரும்பு வெட்ட ஆள் எடுத்தபோது மச்சத்தைக்கூட எழுதினார்கள். இப்போது பெயரை எழுத மட்டும் ஏன் ஐயா கை வரவில்லை?

4. சிப்பாய்களின் கல்லை மாற்றவேண்டாம். போயர்களின் கல்லும் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கல், அவ்வளவுதான். எல்லாப் பெயரும் தேறும்வரை காத்திருக்கவும் வேண்டாம், தெரிந்த பெயர்களை முதலில் பொறியுங்கள்.

வரும் ஜனவரிக்குள் செய்து தாருங்கள், ஐயா. மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், வரும் ஜனவரிக்குள். முடியாது என்றால் அதையாவது ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
சுமந்தவர் ஒருவரின் கொள்ளுப்பேரன்,
லேடிஸ்மித்.